கவலைக்கு மாலை ஆறு மணி, பாய்க்குத் தூக்கம் மட்டும்

வாசகர் கேள்வி - பதில்

இந்த மாதப் பகுதி முழுவதையும் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டார வாசகர்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுப்பவர், செம்பனைக் குலை அறுப்பவர், தொழிற்சாலை பஸ்ஸில் போய்வருபவர், தேர்வுக்குப் படிப்பவர் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். கேட்டிருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: மனசு ஓயவில்லை, தூக்கம் வரவில்லை. பதில்களை ஒரு மருத்துவரும் ஒரு மனநல ஆலோசகரும் சேர்ந்து எழுதியுள்ளனர்.

*

கேள்வி: எனக்கு வயது 51. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை. செம்பனைக் குலை அறுக்கும்போது வீட்டுக்காரருக்குத் தோளில் அடிபட்டு வேலைக்குப் போகாமல் இருக்கிறார். இரவு 9 மணிக்கே பாய் விரித்துவிடுகிறேன். 12 மணி, 12:30 வரை புரண்டுகொண்டே இருப்பேன். காலை 5 மணிக்கு எழ வேண்டும். நான்கு மாதமாக இதே கதை. எவ்வளவு சீக்கிரம் படுத்தாலும் பிரயோஜனம் இல்லை. என்ன செய்யலாம்?
- வாசகி, லிந்தாங் சாலை

பதில்: அம்மா, முதலில் சீக்கிரம் படுப்பதை நிறுத்துங்கள். உங்கள் தூக்கத்தை இப்போது அதிகம் கெடுப்பது அதுதான்.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது போதுமான அளவு சேர்ந்த பிறகுதான் கண் சொருகும். மனசில் பாரம் இருக்கும்போது உடம்பு எச்சரிக்கையாகவே இருப்பதால், வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சேர்ந்தால்தான் தூக்கம் வெல்லும். 9 மணிக்கு உங்களிடம் அந்த அளவு இல்லை. அதனால் மூன்று மணி நேரம் விழித்துக் கிடக்கிறீர்கள். இரவுக்கு இரவு இப்படி நடந்தால், பாய் என்பது கடன் கணக்குப் பார்க்கும் இடம் என்று மூளை பழகிவிடுகிறது. தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தபடியே கண்ணயர்பவர்கள் பாயில் தலை வைத்ததும் விழித்துக்கொள்வது இதனால்தான்.

வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல், மூன்று மாதத்துக்கு மேல் இப்படிப் போனால் மருத்துவத்தில் அது நாட்பட்ட தூக்கமின்மை. அதற்கு முதலில் தர வேண்டியது மாத்திரை அல்ல, பழக்கங்களையும் எண்ணங்களையும் மாற்றும் நடத்தைச் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-லும், ஐரோப்பியத் தூக்க ஆய்வுக் கழகம் 2017-லும் பரிந்துரைத்தன. அதில் வீட்டிலேயே செய்யக்கூடியவற்றைச் சொல்கிறோம்.

கவலைக்கு நேரம் ஒதுக்குவதிலிருந்து தொடங்குங்கள். மாலை 6 மணி முதல் 6:30 வரை. தினமும் அதே நேரம், அதே நாற்காலி. பாயிலோ கட்டிலிலோ உட்காரக் கூடாது. பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் மனசைக் குடையும் விஷயம். வலப்பக்கம் அதற்கு அடுத்தபடியாகச் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியம், நாளும் நேரமும் சேர்த்து. "கடன்" என்று எழுதி வைத்தால் பயனில்லை. "வியாழன் காலை 10 மணி, பெர்கேசோ அலுவலகம், மருத்துவ விடுப்புச் சீட்டுகளோடு போக வேண்டும்" என்று எழுதினால்தான் மனசு அதை விடும். சும்மா உதாரணத்துக்காக இதைச் சொல்லவில்லை. பெர்கேசோ என்பது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். வீட்டுக்காரர் பெர்கேசோவில் பதிவு பெற்றவராக இருந்து, காயம் வேலையில் ஏற்பட்டிருந்து, மருத்துவ விடுப்பும் நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், தற்காலிக இயலாமை உதவித்தொகை உண்டு. சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு. இன்னும் விண்ணப்பிக்கவில்லையென்றால் நோட்டின் முதல் வரி அதுவாகவே இருக்கட்டும். உங்களால் ஒன்றும் செய்ய முடியாத விஷயத்துக்கு நேராக "என் கையில் இல்லை" என்று எழுதி அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. படுக்கும் முன் ஐந்து நிமிடம், இனிச் செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், செய்து முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட ஏறக்குறைய 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம்.

இதில் பலர் தவறுவது எங்கே என்றும் சொல்லிவிடுகிறோம். அரை மணி என்று தொடங்கி ஒன்றரை மணி நேரம் இழுப்பார்கள். கைப்பேசியில் அலாரம் வைத்து, அது அடித்ததும் நோட்டை மூடுங்கள். சிலர் அடுத்த காரியத்தை எழுதாமல் புலம்பலை மட்டும் எழுதுவார்கள். அது கவலையை வளர்க்கும். இன்னும் சிலர் முதல் மூன்று நாளில் பலன் தெரியவில்லையென்று விட்டுவிடுவார்கள். இரவில் பழைய யோசனை வந்தால் "நாளை ஆறு மணிக்கு" என்று ஒத்திப்போட மனசு பழக இரண்டு வாரமாவது ஆகும்.

அடுத்தது, விழித்துக் கிடக்கும்போது எழுந்துவிடுவது. இந்த முறையை ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972-இல் எழுதினார். தூக்கம் வந்து கண் கனத்த பிறகே பாய்க்குப் போங்கள். ஏறக்குறைய 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடுங்கள். கடிகாரம் பார்த்துக் கணக்கிட வேண்டாம். அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். எரிச்சல் வரத் தொடங்கிவிட்டதா, அதுதான் எழ வேண்டிய நேரம். தோட்ட வீட்டில் எல்லோரும் ஒரே ஹாலில் படுத்திருப்பார்கள், எங்கே போவது என்று கேட்பீர்கள். அஞ்சடியில் (வீட்டு முன் தாழ்வாரத்தில்) ஒரு நாற்காலியும், அருகில் கொசுவத்தியும், மங்கலான விளக்கும் முன்கூட்டியே வைத்துவிடுங்கள். நெத்திலிக்குத் தலை கிள்ளலாம், துணி மடிக்கலாம். கைப்பேசியும் தொலைக்காட்சியும் மட்டும் வேண்டாம். கண் கனத்ததும் திரும்பப் போய்ப் படுங்கள். மறுபடி தூக்கம் வராவிட்டால் மறுபடி எழுங்கள். முதல் வாரம் ஓர் இரவில் நான்கைந்து முறைகூட எழ நேரலாம். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் பாய்க்கும் கவலைக்கும் உள்ள முடிச்சு அவிழ்வது இங்கேதான்.

கடைசியாகப் பாயில் இருக்கும் நேரத்தைச் சுருக்குவது. இதை ஆர்தர் ஸ்பீல்மன் 1987-இல் விவரித்தார். எல்லாவற்றிலும் பலமானது இது; கவனம் அதிகம் வேண்டியதும் இதுவே. ஒரு வாரம் காலையில் எழுந்ததும் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், ஏறக்குறைய எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று குறியுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பாயில் 8 மணி நேரம் இருக்கிறீர்கள், தூங்குவதோ நாலரை மணி நேரம். இந்த முறைப்படி பாயில் இருக்கும் நேரத்தைத் தூங்கும் நேரத்துக்கு அருகில் கொண்டுவர வேண்டும். ஆனால் ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே குறைக்க வேண்டாம். எழும் நேரம் 5 மணி, அதில் மாற்றமே இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். ஆகவே இரவு 11:30-க்கு முன் பாய் விரிக்காதீர்கள். பகல் தூக்கமும் கூடாது.

ஒரு வாரம் கழித்துக் கணக்குப் பாருங்கள். தூங்கிய நேரத்தைப் பாயில் இருந்த நேரத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். ஐந்தரை மணி நேரத்தில் 5 மணி நேரம் தூங்கியிருந்தால் ஏறக்குறைய 91 விழுக்காடு கிடைக்கும். 85-ஐத் தாண்டினால் படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னால் தள்ளலாம், அதாவது 11:15. 80-க்கும் 85-க்கும் இடையில் இருந்தால் அப்படியே விடுங்கள். 80-க்குக் குறைந்தால், ஐந்தரை என்ற எல்லையைத் தாண்டாமல் 15 நிமிடம் குறையுங்கள். இப்படி வாரத்துக்கு ஒரு படியாக ஏறினால், ஆறேழு வாரத்தில் பத்து மணியை ஒட்டிப் படுத்து ஏழு மணி நேரத்தை நெருங்கும் தூக்கம் கிடைக்கும் வாய்ப்பு நல்லது.

முதல் பத்து நாள் பகலில் தூக்கம் கண்ணைக் கட்டும். அந்த நாட்களில் மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டாம். வலிப்பு, இருதுருவ மனநோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், நீண்ட கம்பில் அரிவாள் கட்டிக் குலை அறுப்பவர்களும், லாரி ஓட்டுபவர்களும் இந்தச் சுருக்கும் முறையை மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. அவர்கள் பாயில் இருக்கும் நேரத்தை வாரத்துக்குக் கால் மணி மட்டும் மெல்லக் குறைத்துக்கொண்டு வரலாம்.

*

கேள்வி: வட்டி முதலையிடம் கடன் வாங்கிவிட்டேன். தினமும் கைப்பேசியில் மிரட்டல். மூச்சுப்பயிற்சி செய் என்கிறார்கள் வீட்டில். அதில் தூக்கம் வருமா?
- பெயர் வேண்டாம்

பதில்: ஐயா, வராது. பயப்பட வேண்டியதற்குத்தான் உடம்பு பயப்படுகிறது. முதலில் வெளியில் செய்ய வேண்டியது இருக்கிறது.

1951-ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டப்படி, உரிமம் பெற்றவர்கூட அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேலும், அடமானம் உள்ள கடனுக்கு 12 விழுக்காட்டுக்கு மேலும் வட்டி வாங்க முடியாது. உரிமம் இல்லாதவர் எழுதி வாங்கிய ஒப்பந்தம் நீதிமன்றத்தில் செல்லாது. வந்த மிரட்டல்களை அழிக்காமல் படம் பிடித்து வைத்து, நெருங்கிய ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய்ப் போலீசில் புகார் செய்யுங்கள். வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் அவர்களிடம் கொடுத்திருந்தால் அன்றைக்கே வங்கிக்குச் சொல்லி அட்டையை முடக்குங்கள். ஒரு முதலையிடம் வாங்கி இன்னொரு முதலைக்குக் கட்டாதீர்கள்.

வங்கிக் கடன், காடிக் (கார்) கடன், கடன் அட்டை ஆகியவையும் கழுத்தை நெரிக்கின்றன என்றால் ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை அமைப்பை நாடுங்கள். நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கியது, ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை, ஈப்போவிலேயே கிளை இருக்கிறது. பல கடன்களையும் சேர்த்துப் பார்த்து, உங்கள் வருமானத்துக்கு ஏற்ற மாதத் தவணைத் திட்டம் ஒன்றை வங்கிகளோடு பேசி அமைக்க உதவுவார்கள். வட்டி முதலைக் கடனுக்கும் சொந்தபந்தக் கடனுக்கும் அது பொருந்தாது.

மிரட்டுபவரின் எண் இரவில் அடிக்கும் கைப்பேசியை அணைத்து வைத்துவிட்டு, அவசரத்துக்கு உறவினர் ஒருவரின் எண்ணைப் பயன்படுத்துங்கள். வீட்டாரிடம் மறைத்தே வைத்திருந்தால் இன்றே சொல்லிவிடுங்கள். மறைப்பதற்காக ஒவ்வொரு இரவும் நீங்கள் செலவழிக்கும் சக்தி பெரிது.

*

கேள்வி: கையுறைத் தொழிற்சாலையில் இரவு 7 முதல் காலை 7 வரை வேலை. பஸ் வீட்டுக்குக் கொண்டுவந்து விடும்போது 8:30 ஆகிவிடும். 11 மணிக்கு மேல் தகரக் கூரை கொதிக்கிறது. நான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்க முடிவதில்லை. விடுமுறை நாளில் இரவு தூக்கமும் போய்விட்டது. எப்போதும் படபடப்பு.
- வாசகர், வயது 29

பதில்: தம்பி, 8 மணி நேரத்தையும் ஒரே மூச்சில் தூங்க முயலாதீர்கள். பகலில் நம் உடம்புக் கடிகாரம் விழிப்பைத்தான் தூண்டும்; அதோடு மல்லுக்கட்டினால் படபடப்புதான் மிஞ்சும். இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலை 9 முதல் 1:30 வரை பெரிய தூக்கம். மாலை 4 மணி வாக்கில் ஒன்றரை மணி நேரம் சின்னத் தூக்கம். கூரை அதிகம் கொதிக்கும் நண்பகலுக்குப் பின், தாழ்வான, வெயில் படாத அறையில் இருங்கள்.

தூக்கத்துக்கான வேலை தொழிற்சாலையிலேயே தொடங்குகிறது. காப்பி, தே தாரேக் எல்லாம் நள்ளிரவு 1 மணியோடு சரி. காஃபீன் என்பது அடினோசின் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள். குடித்து ஐந்து ஆறு மணி நேரம் கழித்தும் அதில் பாதி அளவு உடம்பில் இருக்கும். விடியற்காலை 5 மணிக்குக் குடித்த கொப்பி-ஓ, 10 மணிக்கு உங்களை எழுப்புகிறது. அதிகாலை 3 மணி வாக்கில் கண் சொருகினால், ஓய்வு நேரத்தில் 20 நிமிடம் மட்டும் கண்ணை மூடுங்கள். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய், எழும்போது தலை கனக்கும்.

நம் நேரப்படி சூரியன் 7 மணியை ஒட்டி உதிக்கிறது. நீங்கள் பஸ்ஸில் ஏறும் நேரமும் அதுவே. காலை வெளிச்சம் கண்ணில் பட்டதும் மூளை பகலென்று முடிவு செய்துவிடும். ஆகவே பஸ்ஸில் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொள்ளுங்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வீடு போவதாக இருந்தால் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். அந்த நேரத்தில் விழிப்புதான் முக்கியம். கண் செருகினால் வண்டியை எடுக்கவே வேண்டாம், யாரையாவது வந்து அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் இட்லியோ ரொட்டியோ கொஞ்சம் பசியாறிவிட்டுக் குளியுங்கள். நாசி லெமாக் வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்தால் நெஞ்செரியும். சன்னலுக்கு உள்பக்கம் கறுப்புத் துணி கட்டி, அதற்கு வெளிப்பக்கம் வெயிலைத் திருப்பியடிக்க அலுமினியத் தாளை ஒட்டுங்கள். தூங்கத் தொடங்க உடம்பின் உள்வெப்பம் இறங்க வேண்டும். காற்றாடியைச் சுவரில் பட்டுத் திரும்பும்படி வைத்து, கழுத்திலும் மணிக்கட்டிலும் ஈரத்துணி போட்டுக்கொண்டால் அது இறங்கும். கைப்பேசியில் அம்மாவின் எண் மட்டும் ஒலிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் "இரவு வேலை, தூங்குகிறார்" என்று ஓர் அட்டை மாட்டுங்கள். வாசலுக்கு வரும் ரொட்டிக்காரர் முதல் அத்தை வரை எல்லோரும் நல்லவர்களே, எழுதி வைத்தால்தான் அவர்களுக்கும் தெரியும்.

விடுமுறை நாளில் முழுக்க இரவுத் தூக்கத்துக்கு மாறி, வேலை நாளில் முழுக்கப் பகலுக்குத் தாவுவதுதான் உங்கள் உடம்பைக் குழப்புகிறது. விடுமுறையில் பின்னிரவு 3 மணிக்குப் படுத்து நண்பகல் வரை தூங்கினால், இரண்டு அட்டவணைக்கும் பொதுவாகச் சில மணி நேரம் கிடைக்கும். சுற்று வேலையில் நேரம் கேட்டு வாங்க முடியுமானால், காலை, மாலை, இரவு என்ற வரிசையில் கேளுங்கள். பின்னோக்கித் தள்ளிப்போவதை உடம்பு எளிதாக ஏற்கும். முன்னோக்கி இழுப்பது கடினம்.

*

கேள்வி: தினமும் இரவு கொஞ்சம் சம்சு போட்டால்தான் என் கணவருக்குத் தூக்கம். இல்லாத நாளில் பிரிட்டான் மாத்திரை இரண்டு. இது பரவாயில்லையா?
- வாசகி, வயது 44

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது, அக்கா. சாராயம் சீக்கிரம் தூங்கவைக்கும் என்பது உண்மை. உடம்பு அதை எரித்து முடிக்கும் பின்னிரவில் இதயம் வேகமாக அடிக்கும், வியர்க்கும், 2, 3 மணிக்கு விழிப்பு வரும். கனவுகள் வரும் தூக்கமும் குறைந்துபோகும். தொண்டைத் தசை தளர்வதால் குறட்டை கூடும். மறுநாள் படபடப்பு. அதை அடக்க மறுபடி சம்சு. கவலைக்குக் குடிக்கிறேன் என்பவருக்குக் குடியே கவலையைத் தருவது இப்படித்தான்.

பிரிட்டான் சளிக்கும் அரிப்புக்குமான மருந்து. தூக்கம் அதன் பக்க விளைவு. தினமும் போட்டால் சில நாளிலேயே அந்த விளைவு குறையும், மறுநாள் காலை மந்தம் மட்டும் நிற்கும். அந்த மந்தத்தோடு மண்வெட்டியோ வண்டியோ கையாள்வது ஆபத்து. வயதான ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். சாராயத்தோடு சேர்த்துப் போட்டால் மூச்சே மந்தமாகலாம்.

ஆனால் ஒன்று. தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், சில நாளுக்குள் கைநடுக்கம், வலிப்பு, மனக் குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்து. "நாளையிலிருந்து தொடமாட்டேன்" என்று சத்தியம் வாங்காதீர்கள். அரசாங்க சுகாதார கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம். தினமும் எவ்வளவு என்பதை மறைக்காமல் சொன்னால் படிப்படியாக நிறுத்த வழி காட்டுவார். மருத்துவர் எழுதித் தரும் தூக்க மாத்திரைக்கும் இதே கவனம் வேண்டும். நாட்கணக்கில் போட்டுவந்ததைத் தானாக ஒரே நாளில் விடக் கூடாது.

*

கேள்வி: என் கணவரின் குறட்டை அடுத்த வீட்டுக்குக் கேட்கும். ஆனால் பகலெல்லாம் தூங்கி வழிகிறார். மன அழுத்தம் என்கிறார். அப்படியா?
- வாசகி, ஜாலோங்

பதில்: குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று, பிறகு திணறிக்கொண்டு மறுபடி தொடங்குகிறதா என்று ஓர் இரவு கவனியுங்கள். காலையில் தலைவலி, வாய் வறட்சி, இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீருக்கு எழுவது, கட்டுப்படாத ரத்த அழுத்தம், 40 செ.மீ.க்கு மேல் கழுத்துச் சுற்றளவு ஆகியவையும் சேர்ந்திருந்தால் தூக்கத்தில் மூச்சடைப்பு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். மூச்சு நிற்கும்போதெல்லாம் மூளை அரை விழிப்புக்கு வருகிறது. அவருக்கே அது நினைவிருக்காது. அரை நிமிடக் காணொளி ஒன்று எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அதைப் பார்த்தாலே போதும், பெரிய மருத்துவமனைக்கு எழுதித் தருவார். இதற்குத் தூக்க மாத்திரை கொடுத்தால் மோசமாகும்.

சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2019-இல் நடந்த தேசிய ஆய்வில், நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியர்களிடம்தான் மிக அதிகம். சர்க்கரை கட்டுப்படாவிட்டாலும் இரவெல்லாம் சிறுநீருக்கு எழ நேரும். ரத்த அழுத்தத்துக்கு "தண்ணீர் மாத்திரை" சாப்பிடுபவர்கள் அதைக் காலையில் போடலாமா என்று மருந்தகத்தில் கேளுங்கள்.

*

கேள்வி: நான்கு எண்ணி இழு, ஏழு எண்ணி அடக்கு, எட்டு எண்ணி விடு என்று வாட்ஸ்அப்பில் வந்தது. செய்தால் தலை சுற்றுகிறது.

பதில்: அடக்க வேண்டிய அவசியமே இல்லை. மூக்கால் 4 எண்ணும் வரை மெதுவாக இழுத்து, 6 எண்ணும் வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. வெளிமூச்சு நீளும்போதுதான் இதயத் துடிப்பு இறங்கும். நெஞ்சு நிறைய இழுப்பதால்தான் தலை சுற்றுகிறது. வயிற்றில் கை வைத்து, கை கொஞ்சம் எழும் அளவுக்கு இழுத்தால் போதும். ஐந்து நிமிடம்.

உடம்பு உழைப்பில் இறுகியவர்களுக்கு இதைவிடத் தசைத் தளர்வுப் பயிற்சி நன்றாகப் பிடிக்கும். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் ஏறக்குறைய நூறு ஆண்டுக்கு முன் வகுத்த முறை. பாதத்தில் தொடங்குங்கள். விரல்களை 5 விநாடி மடக்கி இறுக்கி, சட்டென்று விட்டு, 20 விநாடி அந்தத் தளர்ச்சியைக் கவனியுங்கள். பிறகு கெண்டைக்கால், தொடை, வயிறு, உள்ளங்கை, முழங்கை, தோள், கடைசியில் நெற்றியும் தாடையும். மொத்தம் பத்துப் பன்னிரண்டு நிமிடம். முழு பலத்தோடு இறுக்காதீர்கள், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். பாதி பலம் போதும். வலி உள்ள இடத்தை விட்டுவிடுங்கள். முதல் இரண்டு வாரம் மதியமோ மாலையோ பழகுங்கள். தூங்கியே ஆக வேண்டும் என்று இரவில் முதன்முதலாகச் செய்துபார்த்தால், பலித்ததா பலித்ததா என்று பார்த்தே விழித்திருப்பீர்கள்.

*

கேள்வி: படிவம் 5. எஸ்.பி.எம். தேர்வு நெருங்குகிறது. பின்னிரவு 2 மணி வரை படிக்கிறேன். படுத்தாலும் பாடம் ஓடுகிறது. காலை 6-க்கு எழ வேண்டும்.
- மாணவி

பதில்: மகளே, உன் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை. பகலில் படித்தது நினைவில் பதிவது தூக்கத்தில்தான். 11 மணிக்கு மேல் நீ படிப்பதைவிட, அதுவரை படித்ததைத் தூங்கிப் பதியவைப்பது அதிக மதிப்பெண் தரும். பள்ளிவிட்டு வந்து 3 மணிக்குள் 20 நிமிடம் தூங்கலாம். 3-இன்-1 காப்பிப் பொட்டலம் 3 மணிக்குப் பின் வேண்டாம். கணக்கும் இயற்பியலும் மாலையில், எளிதான திருப்புதல் கடைசியில். 10:30-க்கு, நாளை படிக்க வேண்டியதை ஐந்து வரியில் எழுதிவிட்டு, கைப்பேசியைச் சமையலறையில் மின்னூட்டத்தில் போட்டுவிட்டு வா. அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வாங்கித் தரச் சொல்.

*

கேள்வி: எனக்கு 10 மணிக்கே தூக்கம் வந்துவிடும். ஆனால் 3 மணிக்கு விழிப்பு வந்தால் அவ்வளவுதான். சாப்பாடு இறங்கவில்லை. எதிலும் பிடிப்பில்லை. விடியாமலே போனால் நல்லது என்று தோன்றுகிறது.

பதில்: இதை எழுதி அனுப்பியதற்கு நன்றி. நீங்கள் சொல்லும் மூன்றும், அதாவது வெகுமுன்னதாக விழிப்பது, பசியின்மை, பிடிப்பின்மை, இரண்டு வாரத்துக்கு மேல் சேர்ந்து இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மேலே சொன்ன பயிற்சிகள் மட்டும் இதற்குப் போதாது. குணப்படுத்தக்கூடிய நோய் இது, பேச்சுச் சிகிச்சையும் தேவையானால் மருந்தும் உண்டு. சுகாதார கிளினிக்கில் தூக்கத்தை மட்டும் சொல்லாமல் கடைசியாக எழுதியிருக்கும் அந்த எண்ணத்தையும் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.

இன்று இரவே அந்த எண்ணம் அழுத்தினால் தனியாக இருக்காதீர்கள். வீட்டில் ஒருவரை எழுப்புங்கள். பூச்சி மருந்தும் களைக்கொல்லியும் வீட்டில் இருந்தால் வேறொருவரிடம் கொடுத்து அப்புறப்படுத்துங்கள். பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம். சுகாதார அமைச்சின் ஹீல் சேவை எண் 15555, காலை 8 முதல் நள்ளிரவு 12 வரை. தமிழில் பேச விருப்பமென்றால் எடுத்தவுடன் கேளுங்கள். போலீஸ் வந்துவிடுமோ என்று பயந்து பேசாதவர்கள் உண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது.

*

கேள்வி: ஜாதிக்காய்த் தூள் பாலில் போட்டுக் குடித்தால் தூக்கம் வருமாமே?

பதில்: சிட்டிகை அளவு மணத்துக்குப் போட்டால் கெடுதல் இல்லை. தூக்கத்துக்கென்று ஒரு தேக்கரண்டி, இரண்டு தேக்கரண்டி போட்டால் நெஞ்சு படபடப்பு, வாந்தி, மனப் பிரமை வரும். குழந்தைகளுக்கு உரைத்து ஊட்டவே வேண்டாம். படுப்பதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன், பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் குளிப்பது இதைவிடப் பயன் தரும். தோலுக்கு ரத்தம் வந்து உள்வெப்பம் வெளியேறும்.

*

கேள்வி: படுத்ததும் கால் குடைகிறது, அசைத்தால்தான் நிற்கிறது. மனக்கவலையால் வரும் நரம்புத் தளர்ச்சி என்கிறார்கள். மரம் வெட்டு வேலை. வயது 38.
- வாசகி

பதில்: மாலையில் தொடங்கி, ஓய்வில் கூடி, அசைத்தால் அடங்கினால் அது கால் அமைதியின்மை நோய். இரும்புச்சத்துக் குறைவு இதற்கு ஒரு முக்கியக் காரணம். மாதவிடாய் அதிகம் போகும் பெண்களுக்கு இன்னும் சாத்தியம். கிளினிக்கில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் என்ற சேமிப்பு அளவையும் பார்க்கக் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். பிரிட்டான் போன்ற மாத்திரைகள் இந்தக் குடைச்சலைக் கூட்டும். இரும்பு மாத்திரை தந்தால் தேநீரோடு விழுங்காதீர்கள், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேநீர் வேண்டாம். எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் நன்றாக உடம்பில் சேரும்.